ஒண்ணுக்கு வரலை சிஸ்டர்! (அல்லது) ஒரு குழாயின் வரலாறு

மொதல்லயே சொல்லிடுறேன். டிபன் தட்டைக் கையில வச்சுக்கிட்டு பதிவு படிக்கிற பழக்கம் உள்ளவங்க, சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க. இது மூத்திரம் பத்தின பதிவு. நாகரிகமா "சிறுநீர்"னு எழுதலாம்தான், எழுதவும் போறேன். ஆனா ஆஸ்பத்திரியில அது வராம கெடந்தவனுக்கு எந்தப் பேரும் ஒண்ணுதான். இன்னொண்ணு, நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சதால குழாய், வால்வு, அழுத்தம்னா கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தி. அவ்வளவுதான் நம்ம தகுதி.

போன மாசம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். மூணாவது மாடிக்கு 20 லிட்டர் வாட்டர் கேன் தூக்கித் தூக்கி வந்ததுன்னு நான் நம்பிக்கிட்டிருக்கேன். "கேன் தூக்கினதால மட்டும் வராது தம்பி, அந்த எடத்துல சதை ஏற்கெனவே பலவீனமா இருந்திருக்கும்"னார் டாக்டர். எனக்கென்னவோ இன்னமும் கேன் மேலதான் சந்தேகம். முதுகுல ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ மரத்துப் போனதும் வேலையை முடிச்சாங்க. வார்டுக்கு வந்தப்புறம்தான் கட்டில் ஓரத்துல ஒரு பை தொங்குறதையும், அதுக்குப் போற குழாய் என்கிட்ட இருந்துதான் கிளம்புதுங்கிறதையும் கவனிச்சேன். கதீட்டர்.

மறுநாள் காலையில 6 மணிக்கு சிஸ்டர் வந்து அதை உருவினாங்க. (உருவும்போது எப்படி இருந்ததுன்னு கேக்காதீங்க.) "நெறைய தண்ணி குடிங்க. 6 மணி நேரத்துக்குள்ள தானா போகணும். போகலைன்னா திரும்ப டியூப்தான்"னு சொல்லிட்டுப் போனாங்க. நானும் பரீட்சைக்குப் போற பையன் மாதிரி ரெண்டு பாட்டில் தண்ணியைக் குடிச்சு முடிச்சேன்.

8 மணி. வரலை. 9 மணி. அடிவயிறு கல்லு மாதிரி ஆகுது, வரலை. பாத்ரூம்ல போய் நின்னு சுவத்துல இருக்கிற டைல்ஸை எண்ணினேன். அம்மா வெளியில இருந்து "குழாயைத் தொறந்து விடுடா, அந்தச் சத்தம் கேட்டா வரும்"னாங்க. தொறந்து விட்டேன். பக்கெட் நிறைஞ்சு வழிஞ்சதுதான் மிச்சம். நெருஞ்சிமுள் கஷாயம் எங்க கிடைக்கும்னு அம்மா யாருக்கோ போன் போட ஆரம்பிச்சாங்க. நாலு பேர் படுத்திருக்கிற வார்டு அது. நாலு பேர் குடும்பத்துக்கும் என் பிரச்சினை தெரிஞ்சு போச்சு. எதிர் கட்டில் தாத்தாவோட பேத்தி வேற கல்லூரி மாணவி. நம்ம நேரம்.

11 மணிக்கு சிஸ்டர் வந்து சத்தமா, "போனீங்களா?"ன்னாங்க.

"போயிட்டேன் சிஸ்டர்"னேன்.

இந்தப் பதிவு எழுத அந்தப் பொய்தான் காரணம். ஏன் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். திரும்ப டியூப் போட்டுருவாங்களோங்கிற பயம் பாதி. நாலு குடும்பத்துக்கு முன்னாடி "இல்லை"ன்னு சொல்ற வெக்கம் மீதி. ஒன்றரை மணிக்கு எனக்கு வேர்த்து ஊத்த, அப்பா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சு ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வந்தார். அவங்க வயித்துல ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. டியூட்டி டாக்டர் வந்தார், திரும்ப டியூப். 950 மில்லி. சாதாரணமா ஒருத்தருக்கு 400, 500 மில்லி சேரும்போதே பொறுக்க முடியாத முட்டல் வந்துரும். நான் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பால் பாக்கெட்டை உள்ள வச்சுக்கிட்டு "போயிட்டேன் சிஸ்டர்"னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்.

அந்த 950 மில்லி இறங்கினப்போ கிடைச்ச நிம்மதி இருக்கே, என் வாழ்க்கையில அதுக்கு ஈடா எதையும் சொல்லத் தெரியலை. ப்ரொடக்‌ஷன்ல விழுந்த சர்வர் ராத்திரி 3 மணிக்கு எழுந்து நிக்கும்போது வர்ற சந்தோஷம் பக்கத்துல வரும், ஆனா எட்டாது. குழாயோட இன்னும் ரெண்டு நாள் படுத்திருந்தப்போ, இதைக் கண்டுபிடிச்ச மகராசன் யாருடான்னு மொபைல்ல தேட ஆரம்பிச்சேன். தேடினா முதல்ல வந்து நின்னவர் என்னை மாதிரியே வெக்கப்பட்ட ஒருத்தர்.

டைக்கோ பிராஹே. டென்மார்க்காரர், வானியல் அறிஞர். தொலைநோக்கி வர்றதுக்கு முன்னாடி வெறும் கண்ணால வானத்தை அவ்வளவு துல்லியமா அளந்தவர் வேற யாரும் இல்லை. வாலிப வயசுல வாள்சண்டையில மூக்கோட ஒரு பகுதியை இழந்து, உலோக மூக்கு வச்சுக்கிட்டு திரிஞ்ச ஆளு. கடைசிக் காலத்துல பிராக் நகரத்துல இருந்தார். 1601 அக்டோபர் 13ஆம் தேதி அங்க ஒரு பிரபு வீட்டு விருந்து. நல்லா குடிச்சிருக்கார், முட்டிக்கிட்டு வந்திருக்கு. ஆனா விருந்து முடியுறதுக்கு முன்னாடி மேஜையை விட்டு எழுந்திருக்கிறது மரியாதை இல்லைன்னு அடக்கிக்கிட்டு உக்காந்துட்டார். வீட்டுக்குப் போனா வரலை. ராத்திரித் தூக்கம் போச்சு, அப்புறம் ரொம்ப வலியோட கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கு, காய்ச்சல், பிதற்றல். 11 நாள்ல, அக்டோபர் 24, 54 வயசுல ஆள் காலி. இதையெல்லாம் எழுதி வச்சது அவரோட உதவியாளரா இருந்த கெப்ளர். ஆமா, கோள்கள் நீள்வட்டத்துல சுத்துதுன்னு நாம பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணின அதே கெப்ளர்தான்.

பின்னாடி இதுல பெரிய துப்பறியும் கதையெல்லாம் வந்துச்சு. பாதரசம் குடுத்துக் கொன்னுட்டாங்க, கெப்ளரே கொன்னார்னுகூட சொன்னாங்க. 2010ல சமாதியைத் தோண்டி எலும்பையும் தாடி முடியையும் சோதிச்சாங்க. சாகடிக்கிற அளவுக்குப் பாதரசம் இல்லைன்னு 2012ல முடிவு வந்துச்சு. மூத்திரப்பை வெடிச்சு செத்தார்னு ஒரு கதை சுத்துது பாருங்க, அது அப்படியே நம்புற மாதிரி இல்லை. வெடிச்சிருந்தா 11 நாள் தாங்குறதே கஷ்டம். அந்த வயசுல புராஸ்டேட் ஏற்கெனவே வீங்கியிருந்து, அடக்கினதுல மொத்தமா அடைச்சுக்கிட்டதுன்னு நினைக்கிறதுதான் எனக்கு சரியாப் படுது. ஒரு குழாய் இருந்திருந்தா, அதைக் கேக்கவும் அவருக்கு வாய் வந்திருந்தா, இன்னும் கொஞ்ச வருஷம் நட்சத்திரம் எண்ணியிருப்பார்.

சரி, உள்ள இவ்வளவு இருந்தும் ஏன் வரமாட்டேங்குது? இங்கதான் நமக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான்.

மூத்திரப்பைங்கிறது ஒரு தசைப் பை. கீழ ஒரு வால்வு. பை சுருங்கணும், அதே நொடியில வால்வு தளரணும். ஒண்ணு நடந்து இன்னொண்ணு நடக்கலைன்னா சொட்டுகூட வராது. இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல இயக்குற இடம் மூளைத் தண்டுல இருக்கு. லண்டன்ல பாரிங்டன்னு ஒரு அறுவை மருத்துவர், பூனைகளை வச்சு ஆராய்ஞ்சு 1925ல இதை எழுதினார். அந்த இடத்துக்கு இன்னிக்கும் பாரிங்டன் உட்கருன்னுதான் பேரு. பை நிறையிற தகவல் தண்டுவடத்தோட அடிப்பகுதி நரம்புகள் வழியா மேல போகும், "விடலாம்"ங்கிற உத்தரவு கீழ வரும். மேல் மூளை "இப்போ வேணாம், மீட்டிங்ல இருக்கேன்"னு அதைத் தடுத்து வைக்கும். நாம பொறந்து ரெண்டு மூணு வருஷத்துல கத்துக்கிட்டது அந்தத் தடுத்து வைக்கிற வித்தையைத்தான். விடுறது தானா வரும், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால வரலைன்னா முக்கி வர வைக்கிறதுக்கு நம்மகிட்ட பொத்தான் எதுவும் இல்லை. நான் டைல்ஸ் எண்ணினது எவ்வளவு வீண்னு இப்போ புரியுது.

முதுகுல போடுற ஊசி அடிப்பகுதி நரம்புகளைத்தான் குறிவச்சு மரக்கடிக்குது. கால் அசைக்க முடிஞ்சப்புறமும் மூத்திரப்பை நரம்பு முழிக்க இன்னும் சில மணி நேரம் ஆகும். கதீட்டர் இருக்கிற வரைக்கும் இது தெரியாது, பை அது பாட்டுக்கு வடிஞ்சுக்கிட்டே இருக்கும். என்னை மாதிரி மறுநாள் மாட்டிக்கிறவங்களுக்கு வேற காரணங்களும் உண்டு. மார்ஃபின் குடும்பத்து வலி மருந்துகள் பை சுருங்குறதை மந்தமாக்கும். அடிவயித்துல வெட்டின வலியில வால்வு இறுகிக்கும். குழாய் உரசின எரிச்சல் வேற. எல்லாத்துக்கும் மேல, பை ஒருதடவை அளவுக்கு மீறி இழுபட்டுட்டா அந்தத் தசை சோர்ந்து போயிடும். பழைய ரப்பர் பேண்ட் மாதிரி. அதாவது நான் 11 மணிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, அடுத்த ரெண்டு நாள் குழாயோட படுத்திருக்க வேண்டியதில்லாம இருந்திருக்கலாம்.

இந்த முதுகு ஊசியோட கதை இருக்கே, அது தனிப் பதிவுக்கான சரக்கு. சுருக்கமா சொல்றேன். 1898 ஆகஸ்ட், ஜெர்மனியில கீல் நகரம். ஆகஸ்ட் பியர்ங்கிற மருத்துவர் கொக்கேயினை முதுகுத் தண்டு நீர்ல செலுத்தி ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் பண்ணினார். அப்புறம் சந்தேகம் தீர, அவரும் உதவியாளர் ஹில்டிபிராண்டும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஊசி போட்டுக்கிறதுன்னு முடிவு. பியருக்குப் போடும்போது சிரிஞ்சு ஊசியில சரியாப் பொருந்தாம மருந்து வழிஞ்சு போச்சு. ஹில்டிபிராண்டுக்கு சரியா ஏறிடுச்சு. உடனே பியர் அவர் முழங்காலுக்குக் கீழ எலும்புல சுத்தியலால அடிச்சிருக்கார், சுருட்டால சுட்டிருக்கார், இன்னும் எங்கெங்கேயோ முடியைப் பிடிச்சு இழுத்திருக்கார். வலிக்கவே இல்லையாம். சந்தோஷத்துல ரெண்டு பேரும் ஒயினும் சுருட்டுமா கொண்டாடினாங்க. மறுநாள் பியருக்கு எழுந்திருக்க முடியாத தலைவலி, ஹில்டிபிராண்டுக்கு அடிவாங்கின காலெல்லாம் கன்னிப்போச்சு. ஆபீஸ்ல நம்ம தலை நமக்குப் பண்றது எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை மக்களே :)

இனி குழாய்க்கு வருவோம். மனுஷன் இதுக்கு ரொம்ப காலமாவே குழாய் தேடியிருக்கான். சுஸ்ருத சம்ஹிதையில 101 கருவிகளைச் சொல்லி, அதுல 20 வகை குழாய்க் கருவின்னு கணக்கு வச்சிருக்காங்க. மூத்திர வழிக்கானதும் அதுல அடக்கம். கி.பி. 79ல எரிமலை மூடின பாம்பே நகரத்தைத் தோண்டினப்போ, ஒரு வைத்தியர் வீட்டுல வெண்கலக் கதீட்டர் கிடைச்சுது. நேர்க் குழாய் கிடையாது, பாம்பு மாதிரி ரெட்டை வளைவு. ஆம்பளைங்களுக்கு உள்ள போற பாதையே அப்படித்தான் வளைஞ்சு போகுது, கிட்டத்தட்ட 20 செ.மீ. (பொம்பளைங்களுக்கு 4 செ.மீ. தான், அதனாலதான் அவங்களுக்குக் கிருமித் தொற்று சுலபமா வருது.) அதே நூற்றாண்டுல செல்சஸ்ங்கிற ரோமானியர் எழுதி வச்சிருக்கார்: வைத்தியர் கையில ஆண்களுக்கு மூணு, பெண்களுக்கு ரெண்டு அளவுல குழாய் இருக்கணும். ஆணுக்கு 15, 12, 9 விரற்கடை, பெண்ணுக்கு 9, 6 விரற்கடை. ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாம் அப்பவே வந்தாச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சீனாக்காரர்தான். 7ஆம் நூற்றாண்டுல சுன் சிமியாவோன்னு ஒரு வைத்தியர். அவர் குழாய்க்கு எடுத்தது வெங்காயத் தாள்! உள்ள பொள்ளலா, மேல வழவழன்னு, வளைஞ்சு குடுக்கிற பச்சைத் தாளோட நுனியை வெட்டிட்டு, மெல்ல உள்ள செலுத்தி, மறுமுனையில வாய் வச்சு ஊதினா அடைப்பு விடும்னு எழுதியிருக்கார். ரோமாபுரி வெண்கலத்தை வளைச்சுப் பாதைக்குத் தக்கபடி செஞ்சுது. இவர் பாதைக்குத் தக்கபடி தானா வளையிற பொருளைத் தேடியிருக்கார். அதுக்கப்புறம் ஆயிரம் வருஷத்துக்கு மேல எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். உள்ள தள்ளுற அளவுக்கு விறைப்பா இருக்கணும், வளைவுல குத்தாத அளவுக்கு இளக்கமாவும் இருக்கணும்.

இதுல நம்ம ஆளு ஒருத்தர் வர்றார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1752, அவர் பட்டம் விட்டு மின்னலைப் பிடிச்சார்னு படிச்சோமே, அதே வருஷம். பாஸ்டன்ல இருந்த அவரோட அண்ணன் ஜான் மூத்திரப்பைக் கல்லால அவதிப்பட்டுக்கிட்டிருந்தார். சோப்பும் மெழுகுவர்த்தியும் செஞ்சு வித்தவர், ஃபிராங்க்ளினை விட 15 வயசுக்கு மேல மூத்தவர். வளையக்கூடிய குழாய் இருந்தா நல்லா இருக்கும்னு அவர் கடிதம் எழுத, தம்பி நேரா ஒரு வெள்ளி ஆசாரிகிட்ட போய், வேலை முடியிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து செஞ்சு வாங்கி, டிசம்பர் 8ஆம் தேதி கடிதத்தோட தபால்ல அனுப்பிட்டார்.

அந்தக் கடிதத்தைத் தேடிப் படிங்க. எங்க டீம்ல எழுதுற எந்த டாக்குமென்ட்டும் அது கிட்ட நிக்காது. விறைப்பு போதலைன்னா உள்ள விடுறதுக்கு ஒரு கம்பி வச்சிருக்கேன்னு சொல்றார். மேல போர்த்துறதுக்கு மெல்லிய குடல் தோலை உப்பும் படிகாரமும் கலந்த தண்ணியில ஒரு ராத்திரி ஊற வை, அழுகாம இருக்கும்ங்கிறார். புதுக் கருவின்னா பழகித்தான் கைவரும், பழகும்போது உனக்கே இன்னும் என்ன மாத்தலாம்னு தோணும்னும் எழுதியிருக்கார். இதே மாதிரி வளையுற குழாயை இத்தாலியில ஒருத்தர் முன்னாடியே செஞ்சிருக்கார், அதனால ஃபிராங்க்ளின்தான் முதல் ஆளுன்னு சில பக்கங்கள்ல போட்டிருக்கிறதை நம்பாதீங்க. எனக்கு அது முக்கியமாப் படலை. 62 வயசு அண்ணன் தன்னோட மூத்திரப் பிரச்சினையை 46 வயசுத் தம்பிக்கு எழுதுறார். தம்பி வெக்கமோ கிண்டலோ இல்லாம அன்னிக்கே ஆசாரி கடைக்கு ஓடுறார். ரெண்டு பேருக்கும் நடுவுல பொய்யே இல்லை. ஜான் 1756ல செத்துட்டார். கடைசிக் காலத்துல ஃபிராங்க்ளினுக்கே அந்தக் கல் வியாதி வந்து ஆட்டி வச்சுது.

அதுக்கப்புறம் வேகமாப் போகலாம். 1839ல குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோட சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்துறதைக் கண்டுபிடிச்சார், டயர்ல பேர் இருக்கிற அதே குட்இயர். (அந்தக் கம்பெனி அவரோடது இல்லை, அவர் கடன்லதான் செத்தார்.) கொஞ்ச வருஷத்துல பிரான்ஸ்ல நெலாடோன்ங்கிற டாக்டர் இளக்கமான ரப்பர்க் குழாயைக் கொண்டுவந்தார். வெங்காயத் தாள் மறுபிறவி எடுத்த மாதிரிதான். பாரிஸ்ல சாரியேர்னு ஒரு கருவி செய்யிறவர் தடிமனுக்கு அளவு வகுத்தார். மில்லிமீட்டர் விட்டத்தை 3ஆல் பெருக்கணும், அவ்வளவுதான். எனக்குப் போட்ட 16ஆம் நம்பர் குழாய்னா 5.3 மி.மீ. வால்வுல ஆரஞ்சுக் கலர் இருந்தா 16, பச்சைன்னா 14. ரெண்டு நாள் அந்த ஆரஞ்சுக் கலரையே பாத்துக்கிட்டிருந்ததால இதெல்லாம் மனப்பாடம்.

இதுவரைக்கும் சொன்ன குழாய் எதுவும் உள்ள தானா நிக்காது. நூலால கட்டணும், பிளாஸ்டர் ஒட்டணும். உள்ளயே நிக்கிற குழாயைக் குடுத்தவர் அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து ஃபிரெடரிக் ஃபோலே. வேடிக்கை என்னன்னா அவர் நினைச்சது வேற. புராஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ள ரத்தம் கசியும். குழாய் முனையில ஒரு சின்ன பலூனை வச்சு, உள்ள போனதும் ஊதி, கசியிற இடத்தை அழுத்திப் பிடிக்கலாம்கிறதுதான் யோசனை. பலூன் இருந்ததால குழாய் வெளிய வராம நின்னுச்சு. சைடு எஃபெக்ட்டே மெயின் ஃபீச்சர் ஆயிடுச்சு. நம்ம தொழில்ல இது நமக்குப் புதுசா என்ன?

1936 அக்டோபர்ல அவர் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சப்போ, டேவல் ரப்பர் கம்பெனியோட பால் ரெய்ஷ்ங்கிறவர் முந்திக்கிட்டிருந்தார். ஃபோலே மேல்முறையீட்டுல ஒருதடவை ஜெயிச்சு, அப்புறம் கோர்ட்டுல தோத்துட்டார். 1937ல அவர் எழுதின கட்டுரை மட்டும் மிஞ்சுச்சு. ஆனா பார்டுங்கிற கம்பெனி அந்தக் குழாயை ஃபோலே கதீட்டர்னு பேர் போட்டே வித்துக்கிட்டிருந்ததால, பேர் அவருக்கே நிலைச்சுப் போச்சு. பேட்டன்ட் ஒருத்தருக்கு, பேர் ஒருத்தருக்கு. இதுல எது பெருசுன்னு தெரியலை. ரெய்ஷ்ங்கிற பேரை இந்தப் பதிவுக்கு முன்னாடி நான் கேள்விப்பட்டதில்லை. ஃபோலேங்கிறது எங்க வார்டு பாய்க்குக்கூட தெரியுது.

உள்ளயே நிக்கிற குழாய் இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்துச்சு. அது கிருமிக்கு ஏணி. அப்பெல்லாம் குழாயோட மறுமுனையைத் தரையில இருக்கிற திறந்த பாட்டில்ல விட்டுருவாங்க. நாலு நாள்ல அனேகமா எல்லாருக்கும் தொற்று வந்துரும். 1966ல குனினும் மெக்கார்மக்கும் குழாயையும் பையையும் காத்துப் புகாம மூடி வச்சா தொற்று ரொம்பக் குறையுதுன்னு காமிச்சாங்க. என் கட்டில்ல தொங்கின பிளாஸ்டிக் பை அந்த வம்சம்தான். மூடி வச்சாலும் நாள் ஆக ஆக தொற்று வரத்தான் செய்யும். அதனாலதான் சிஸ்டர் மறுநாள் காலையில 6 மணிக்கே உருவ வந்தாங்க. நான் அதை அவசரம்னு நினைச்சு மனசுக்குள்ள திட்டினேன்.

இதுக்கு ராணுவ ஆஸ்பத்திரிகள்ல குடுத்த விலை பெருசு. முதல் உலகப்போர்ல முதுகெலும்பு உடைஞ்ச சிப்பாய்கள்ல பெரும்பாலானவங்க பிழைக்கலை. குண்டடி தப்பினாலும் படுக்கைப் புண்ணும் மூத்திரத் தொற்றும் கொன்னுச்சு. ஹிட்லர் கிட்ட இருந்து தப்பிச்சு 1939ல இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944ல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில இவங்களுக்காகவே ஒரு வார்டு தொடங்கினார். குழாயை உள்ளயே விட்டு வைக்காம, சில மணி நேரத்துக்கு ஒருதடவை கிருமி சுத்தம் பாத்துப் போட்டு, வடிச்சுட்டு எடுத்துருவாங்க. 1948ல அதே ஆஸ்பத்திரிப் புல்வெளியில சக்கர நாற்காலிக்காரங்களுக்கு அவர் நடத்தின வில்வித்தைப் போட்டிதான் இன்னிக்கு பாராலிம்பிக்ஸ். மாரியப்பன் தங்கவேலு 2016ல ரியோவுல தாண்டின உயரத்துக்கு ஆரம்பம் அங்க இருக்கு.

ஆனா எனக்கு இந்தக் கதையோட ஹீரோ மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜாக் லாபிடஸ். 1972ல அவர் சொன்னதைக் கேட்டு சக டாக்டர்களே அதிர்ந்து போனாங்க. கிருமி நீக்கின கையுறை, துணி, திரவம் எதுவும் வேணாம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, சுத்தமான குழாயை எடு, நீயே போட்டுக்கோ, வடிச்சுட்டு எடுத்துக் கழுவி பைக்குள்ள வச்சுக்கோ. அவரோட வாதம் எளிமையானது. கிருமி ரெண்டு உள்ள போறதை விட, பை அளவுக்கு மீறி நிறைஞ்சு நிக்கிறதுதான் ஆபத்து. இழுபட்ட சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், அப்போ இருக்கிற கொஞ்சம் கிருமியும் வேலையைக் காட்டும். சுத்தத்தை விட நேரத்துக்கு வடிக்கிறது முக்கியம். சரின்னு காலம் நிரூபிச்சுடுச்சு. முதுகுத் தண்டுல குறையோட பொறந்த குழந்தைங்க, விபத்துல அடிபட்டவங்க எத்தனையோ பேர் இன்னிக்கு ஸ்கூலுக்கும் வேலைக்கும் போறது இதனாலதான். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை பாத்ரூமுக்குள்ள போய், தானே முடிச்சுட்டு வந்து சீட்டுல உக்காந்துருவாங்க. நம்ம பக்கத்து சீட்டுலகூட இருக்கலாம். நமக்குத் தெரியாது.

மூணாவது நாள் எனக்குத் திரும்ப உருவினாங்க. இந்தத் தடவை வலி மருந்தை மாத்தி, டாம்சுலோசின் மாத்திரை குடுத்து, வால்வைத் தளர வச்ச பிறகு. சிஸ்டர் ஸ்க்ரீனை இழுத்து மூடிட்டு, சத்தம் போடாம சொன்னாங்க: "தம்பி, வரலைன்னா வரலைன்னு சொல்லணும். 11 மணிக்கே சொல்லியிருந்தா ஒரு தடவை வடிச்சு விட்டுட்டு உடனே எடுத்திருப்போம்." லாபிடஸ் பேரை அவங்க கேள்விப்பட்டிருப்பாங்களோ என்னவோ, சொன்னது அதே பாடம்தான். 40 நிமிஷம் கழிச்சு, அம்மா, குழாய்ச் சத்தம், டைல்ஸ் எதுவும் இல்லாம, மெல்லிசா எரிச்சலோட வந்துச்சு. அளவுக் குவளையில 220 மில்லி. பாத்ரூம்ல இருந்தே "அம்மா வந்துருச்சு"ன்னு கத்தினேன். நாலு குடும்பமும் சிரிச்சுது. எதிர் கட்டில் பேத்தியும்தான். போகட்டும்.

அன்னிக்கு ராத்திரி அப்பாதான் கூட இருந்தார். ஃபிராங்க்ளின் கடிதத்தை அவருக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டிருந்தேன். வெள்ளி ஆசாரி கடையில உக்காந்திருந்ததை ரசிச்சுக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கும் ஒரு வருஷமா ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்குடா. போனாலும் முழுசாப் போன மாதிரி இல்லை. சொட்டு சொட்டாத்தான். அம்மாகிட்ட சொல்லலை"ன்னார்.

அவருக்கு 61 வயசு. அப்படியே டிஸ்சார்ஜ் அன்னிக்கே அதே ஆஸ்பத்திரியில யூராலஜி டோக்கன் போட்டேன். ஸ்கேன்ல, போயிட்டு வந்த பிறகும் உள்ள 180 மில்லி நிக்குதாம். இப்போதைக்கு மாத்திரை, மூணு மாசம் கழிச்சுத் திரும்ப ஸ்கேன். காலையில அப்பாவும் நானும் ஆளுக்கொரு டாம்சுலோசின் போட்டுக்கிட்டோம். எனக்கு நேத்தோட முடிஞ்சுது, அவருக்குத் தொடருது.